மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் சுவிட்ச்

மேசையில் நான்கு போர்ட்டுகள் கொண்ட ஒரு சோதனைப் பலகை இருந்தது. அதிலிருந்த ஈதர்நெட் சுவிட்ச் சிப்புக்கு லினக்ஸ் டிரைவர், அதாவது அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள், எழுதும் வேலையில் பாதிக்கு மேல் முடித்திருந்தேன். முதல் போர்ட்டையும் இரண்டாம் போர்ட்டையும் ஒரே கேபிளால் இணைத்து, வேண்டுமென்றே ஒரு லூப், அதாவது பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வரக்கூடிய வளையம், உண்டாக்கினேன். மூன்றாம் போர்ட்டில் என் மடிக்கணினி இருந்தது. நான்கு போர்ட்டுகளும் ஒரே பிரிட்ஜின், அதாவது போர்ட்டுகளை ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் அமைப்பின், உறுப்பினர்கள். லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ என்னும் நெறிமுறையும் இயக்கப்பட்டிருந்தது. ஆகவே இரண்டாம் போர்ட் அடைபட்டு, மற்றவை வழக்கம்போல் வேலை செய்ய வேண்டும். முதல் 15 நொடிகள் லிசனிங் (அறிவிப்புகளைக் கேட்கும் நிலை), அடுத்த 15 நொடிகள் லேர்னிங் (முகவரிகளை மட்டும் கற்கும் நிலை) என்று சீரியல் கன்சோலில் வரிகள் ஒழுங்காக வந்தன. முப்பதாவது நொடியில் முதல் போர்ட்டும் இரண்டாம் போர்ட்டும் சேர்ந்தே ஃபார்வர்டிங், அதாவது தரவை அனுப்பும், நிலைக்குப் போயின. அடுத்த கணம் நான்கு போர்ட்டுகளின் விளக்குகளும் சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிவதுபோல் தெரிந்தன. நம் சொந்த முகவரியையே அனுப்புநராகக் கொண்ட பாக்கெட் வந்திருக்கிறது என்ற எச்சரிக்கை கன்சோலில் இரண்டு மூன்று முறை வந்தது. பிறகு கன்சோலும் பதில் சொல்லவில்லை.

அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. திருத்தம் என்னவோ ஒரே ஒரு பிட்தான். ஆனால் அந்த மூன்று நாளில் லூப் தடுப்பைப் பற்றி நான் அதுவரை கொண்டிருந்த எண்ணம் முழுவதுமாக மாறியது. ஸ்பானிங் ட்ரீ, லினக்ஸின் மையமான கெர்னலின் பிரிட்ஜ் பகுதியில் எழுதப்பட்டிருக்கிறது, டிரைவர் அது சொல்லும் நிலையைச் சிப்பின் ரெஜிஸ்டரில் (கட்டளைகளை ஏற்கும் சிறு நினைவிடத்தில்) எழுதிவைத்தால் போதும் என்றே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எங்கே தவறுகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லூப் ஏன் இவ்வளவு கொடியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஐபி பாக்கெட்டில் ஆயுள் எண்ணிக்கை ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரிலும் அது ஒன்று குறைந்து, பூஜ்யமானதும் பாக்கெட் வீசப்படும். அந்தப் பாக்கெட்டைச் சுமக்கும் ஈதர்நெட் ஃபிரேமில் அப்படியொரு புலமே இல்லை. வழி தவறிய ஃபிரேம் தானாகச் சாகாது. என் மேசையில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். மடிக்கணினி ஒரு ஏஆர்பி கேள்வியை (இந்த ஐபி முகவரி யாருடையது என்ற கேள்வியை) பிராட்காஸ்டாக, அதாவது எல்லோருக்குமாக, அனுப்புகிறது. சுவிட்ச் அதை முதல், இரண்டாம், நான்காம் போர்ட்டுகளுக்கும் சிபியூவுக்கும் பரப்புகிறது. முதல் போர்ட்டில் வெளியேறிய பிரதி கேபிள் வழியே இரண்டாம் போர்ட்டில் நுழைந்து மறுபடி எல்லாப் பக்கமும் பரவுகிறது. இரண்டாம் போர்ட்டில் வெளியேறிய பிரதியோ அதே கேபிளில் எதிர்த்திசையில் வந்து முதல் போர்ட்டில் நுழைகிறது. ஆக, ஒரே கேள்வியின் இரண்டு பிரதிகள் எதிரெதிர்த் திசைகளில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மற்ற போர்ட்டுகளுக்கும் சிபியூவுக்கும் ஒரு பிரதி விழுந்துகொண்டே இருக்கும். புதிதாக ஒரு பிராட்காஸ்ட் வந்தால் மேலும் இரண்டு பிரதிகள் சேரும். சேர்ந்தவை எவையும் குறையாது. ஒரு கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய ஃபிரேம், அதாவது 64 பைட், முன்னொட்டும் இடைவெளியும் சேர்த்து 84 பைட் நேரத்தைப் பிடிக்கும். அந்தக் கணக்கில் ஒரு நொடிக்கு 14,88,095 ஃபிரேம்கள் போக முடியும். பலகையிலிருந்த சிறிய சிபியூ அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது. கன்சோல் நின்றுபோனதில் வியப்பில்லை.

இதோடு, எந்த முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று சுவிட்ச் குறித்துவைக்கும் முகவரி அட்டவணையும் கெடுகிறது. மூன்றாம் போர்ட்டில் இருக்கும் மடிக்கணினியின் மேக் முகவரியை (வன்பொருள் முகவரியை) அனுப்புநராகக் கொண்ட ஃபிரேம்கள் இப்போது முதல் போர்ட்டிலும் இரண்டாம் போர்ட்டிலும் வந்து நுழைவதால், சுவிட்ச் அந்த முகவரியைக் கணத்துக்குக் கணம் இடம் மாற்றி எழுதுகிறது. நேராகப் போக வேண்டிய ஃபிரேமும் லூப்புக்குள்ளேயே தள்ளப்படுகிறது. பிராட்காஸ்ட் மட்டும்தான் கெடும், மற்றவை தப்பிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தச் சிக்கலுக்கு ராடியா பெர்ல்மன் 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் பணிபுரிந்தபோது உருவாக்கிய தீர்வுதான் ஸ்பானிங் ட்ரீ. 1990-இல் அது ஐஇஇஇ 802.1டி என்னும் தரநிலையாயிற்று; 2001-இல் வேகமான வடிவம் வந்தது. கருத்து எளிமையானது, அழகானது. ஒவ்வொரு பிரிட்ஜும் பிபிடியூ எனப்படும் சிறு அறிவிப்பை 2 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. எல்லோரும் சேர்ந்து ஒரு வேரைத் தேர்ந்துகொள்கிறார்கள். வேருக்குப் போகும் வழிகளில் மிகையானவற்றை அடைத்துவிட்டால் எஞ்சுவது மரம்; மரத்தில் சுற்று கிடையாது. அடைத்த போர்ட்டில் பிபிடியூ தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் வரை அது அடைபட்டே இருக்கும். 20 நொடி எதுவும் கேட்கவில்லையென்றால், எதிர்ப்பக்கம் போய்விட்டது என்று பொருள்கொண்டு போர்ட் மெல்லத் திறக்கப்படும்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் டிரைவர் எழுதுபவரின் முழுப் பொறுப்பும் அடங்கியிருக்கிறது. ஸ்பானிங் ட்ரீ மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறது. யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் திறக்கலாம் என்பதே அதன் விதி. கேபிள் அறுந்தால் மாற்று வழி தானாகத் திறக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வடிவமைக்கப்பட்டது; அதில் குறையில்லை. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், டிரைவருக்குள் எந்த மூலையில் ஒரு பிபிடியூ தொலைந்தாலும் கெர்னலுக்கு அது மௌனமாகவே தெரியும். வேறு எந்த பாக்கெட் தொலைந்தாலும் தகவல்தொடர்பு தடைபடும், யாராவது புகார் சொல்வார்கள். பிபிடியூ தொலைந்தால் ஒரு கதவு திறக்கும். அதைத் திறந்தது யார் என்று பிறகு யாருக்கும் தெரியாது.

என் மேசையில் நடந்ததும் அதுவே. முதல் போர்ட்டின் வழியே பிபிடியூ போவதை பாக்கெட் பிடிக்கும் கருவியில் பார்த்தேன். இரண்டு நொடிக்கு ஒன்று, சரியாகப் போனது. சிபியூவையும் சுவிட்சையும் இணைக்கும் இன்டர்ஃபேஸிலும் பார்த்தேன், அங்கும் இருந்தது. இரண்டாம் போர்ட்டில் மட்டும் எதுவும் வந்து சேரவில்லை. பெறும் பக்கத்தில்தான் பிழை என்று முடிவுகட்டி இரண்டு நாளை அங்கேயே கழித்தேன். 01:80:சி2:00:00:00 என்ற, பிபிடியூவுக்குரிய முகவரிக்கு வரும் ஃபிரேம்களைப் பிடித்து சிபியூவுக்கு அனுப்பும் விதியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். மூன்றாம் நாள்தான் சிப்பின் எண்ணிக்கை ரெஜிஸ்டர்களைப் படித்துப் பார்க்கத் தோன்றியது. முதல் போர்ட்டில் வெளியேறிய ஃபிரேம்களின் எண்ணிக்கை, அந்த முப்பது நொடி முழுவதும், பூஜ்யம்.

சிபியூ கொடுத்த ஃபிரேமைச் சிப் தன் உள்ளேயே வீசியிருக்கிறது. காரணத்தை டேட்டாஷீட்டிலேயே எழுதியிருந்தார்கள். ஃபார்வர்டிங் அல்லாத நிலையில் உள்ள போர்ட்டில் எந்த ஃபிரேமும் வெளியேறாது, சிபியூ ஒட்டும் டேக்கில் மீறல் பிட் வைக்கப்பட்டிருந்தால் தவிர. அந்தச் சிப்பில் டேக் என்பது ஃபிரேமின் வாலில் ஒட்டப்படும் இரண்டு பைட். எந்தப் போர்ட்டில் போக வேண்டும் என்பதற்குப் போர்ட்டுக்கு ஒரு பிட், நிலையை மீறிப் போகலாம் என்பதற்கு ஒரு பிட். போர்ட் பிட்டை எழுதியிருந்தேன். மீறல் பிட்டை எழுதவில்லை. ஃபார்வர்டிங் நிலையில் இருக்கும் போர்ட்டுகளில் சோதித்தபோதெல்லாம் அது இல்லாமலே எல்லாம் வேலை செய்தது. லிசனிங், லேர்னிங் நிலைகளில், அதாவது பிபிடியூ உண்மையில் தேவைப்படும் அந்த முப்பது நொடியில் மட்டும், எங்கள் அறிவிப்பு வெளியே போகவில்லை. இரு போர்ட்டுகளும் காத்திருந்தன, மறுப்பு வரவில்லை, இரண்டும் திறந்துகொண்டன.

ஃபார்வர்டிங்குக்குப் போனபிறகு பிபிடியூ வெளியேறத் தொடங்கியிருக்குமே, இரண்டு நொடிக்குள் இரண்டாம் போர்ட் அதைக் கேட்டு அடைபட்டிருக்க வேண்டுமே என்று வாசிப்பவர் கேட்கலாம். சரியான கேள்வி. உண்மையில் சில முறை அப்படித்தான் நடந்தது. அந்த இரண்டு நொடிக்குள் மடிக்கணினியிலிருந்து ஒரு பிராட்காஸ்டும் வராமல் இருந்துவிட்டால், முதல் பிபிடியூ போய்ச் சேர்ந்து இரண்டாம் போர்ட்டை அடைத்துவிடும், சோதனை வெற்றி. ஒரே ஒரு ஏஆர்பி கேள்வி அதற்குள் வந்துவிட்டால் புயல் கிளம்பும். பிறகு பிபிடியூ அந்தப் புயலோடு ஒரே வரிசையில் நின்று சிபியூவை அடைய வேண்டும். வரிசை நிரம்பி வழிகையில் அதுவும் வழிந்துபோகும். முந்தைய வாரம் மடிக்கணினியைப் பிடுங்கிவிட்டு, அமைதியான மேசையில் இதே சோதனையை ஓட்டி, வெற்றி என்று குறித்துவைத்திருந்தேன். அந்தக் குறிப்பை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இதிலிருந்து இரண்டு திருத்தங்கள் பிறந்தன. ஒன்று அந்த மீறல் பிட். மற்றொன்று, பிடிக்கப்பட்ட பிபிடியூவை சிபியூ போர்ட்டின் மிக உயர்ந்த முன்னுரிமை வரிசையில் வைக்கச் சிப்பைப் பணித்தது. நிர்வாக வசதி கொண்ட பெரும்பாலான சுவிட்ச் சிப்புகளில் இதற்கென்று அமைப்பு உண்டு. ஆனால் அது இயல்பாக இயங்குவதில்லை. இரண்டாவது திருத்தத்தை நான் முதலாவதைவிட முக்கியமாக நினைக்கிறேன். பிழை வேறு எங்கிருந்து வந்து லூப் கிளம்பினாலும், அதை முறிக்கக்கூடிய ஒரே செய்தி அந்தக் கூட்டத்தைக் கடந்து வர வேண்டும்.

கேட்கும் பக்கத்தில் வரும் பிழையையும் பார்த்திருக்கிறேன். அது வேறொரு சிப்பில். கெர்னலில் போர்ட் நிலைகள் ஐந்து: டிசேபிள்டு (முடக்கம்) 0, லிசனிங் 1, லேர்னிங் 2, ஃபார்வர்டிங் 3, பிளாக்கிங் (அடைப்பு) 4. அந்தச் சிப்பின் ரெஜிஸ்டரில் நிலைக்கு ஒதுக்கப்பட்டது இரண்டே பிட். 0 டிசேபிள்டு, 1 பிளாக்கிங்கும் லிசனிங்கும் சேர்ந்தது, 2 லேர்னிங், 3 ஃபார்வர்டிங். முதல் நான்கும் அச்சுப் பிசகாமல் பொருந்துவதால், கெர்னல் தரும் எண்ணை அப்படியே இரண்டு பிட்டுக்கு வெட்டி எழுதிவிட்டார் எனக்கு முன் அந்த டிரைவரைத் தொடங்கியவர். 4 என்பது இரும எண்ணில் 100. கடைசி இரண்டு பிட்டை மட்டும் எடுத்தால் 00. பிளாக்கிங் என்று கெர்னல் சொல்லும்போதெல்லாம் சிப் போர்ட்டையே செவிடாக்கியது. பிளாக்கிங் நிலையில் உள்ள போர்ட் தரவை விடக்கூடாது, ஆனால் பிபிடியூவைக் கேட்டே ஆக வேண்டும். டிசேபிள்டு போர்ட்டோ எதையும் கேட்காது.

விளைவு விசித்திரமாக இருந்தது. லாகில் இருபது, இருபத்திரண்டு நொடிக்கு ஒருமுறை ஒரே மூன்று வரிகள்: அண்டை பிரிட்ஜ் தொலைந்தது, போர்ட் லிசனிங்குக்குப் போனது, போர்ட் பிளாக்கிங்குக்கு வந்தது. பிளாக்கிங்கில் செவிடாகும், 20 நொடி கழித்து மௌனத்தைக் கண்டு லிசனிங்குக்குப் போகும், லிசனிங்கில் காது திறக்கும், இரண்டு நொடிக்குள் அண்டையின் குரல் கேட்கும், மறுபடி பிளாக்கிங். போக்குவரத்து பாதிக்கப்படவில்லை, லூப்பும் வரவில்லை. அதனால் அந்த வரிகளை யாரும் பொருட்படுத்தவில்லை. லாகில் சீரான இடைவெளியில் வரும் எந்த வரியையும் நான் இப்போது விடுவதில்லை. அந்த இடைவெளியின் நீளத்தைப் பார்த்தாலே எந்த டைமர் என்பது தெரிந்துவிடும். நிலைகளை எண்ணாக மாற்றாமல், ஐந்துக்கும் தனித்தனி வரி எழுதி, தெரியாத எண் வந்தால் பிளாக்கிங்காகக் கொள்ளும்படி எழுதுவதே சரி.

அடுத்தது, பலர் லூப்போடு தொடர்புபடுத்தாத ஒன்று: போர்ட்டுகளுக்கு இடையேயான தனிமை. சுவிட்ச் சிப்புகளைக் கையாளும் லினக்ஸின் டிஎஸ்ஏ அமைப்பு 2008-இல் 2.6.28 பதிப்பில் வந்தது. அதில் ஒவ்வொரு போர்ட்டும் தனி நெட்வொர்க் இன்டர்ஃபேஸாகத் தெரியும். பிரிட்ஜில் சேராத போர்ட் சிபியூவோடு மட்டும்தான் பேச வேண்டும், பக்கத்துப் போர்ட்டோடு பேசவே கூடாது. பெரும்பாலான சிப்புகளில் இதற்கு ஒரு அணி (மேட்ரிக்ஸ்) உண்டு. எந்தப் போர்ட்டில் வந்தது எந்தெந்தப் போர்ட்டுகளில் போகலாம் என்று போர்ட்டுக்கு ஒரு பிட் வரிசை. இங்கே கவனிக்க வேண்டியது, பிரிட்ஜில் இல்லாத போர்ட்டை டிஎஸ்ஏ ஃபார்வர்டிங் நிலையில் வைக்கிறது. இல்லாவிட்டால் சிபியூவுக்கே எதுவும் போகாது. ஆகவே தனித்திருக்கும் போர்ட்டை லூப்பிலிருந்து காப்பது ஸ்பானிங் ட்ரீ நிலை அல்ல, அந்த அணி மட்டுமே.

இதனால் வரிசை முக்கியமாகிறது. போர்ட் பிரிட்ஜை விட்டு விலகும்போது முதலில் அணியை இரு பக்கமும் மூட வேண்டும், அதாவது விலகும் போர்ட்டின் வரிசையிலிருந்து மற்றவற்றையும், மற்ற ஒவ்வொரு போர்ட்டின் வரிசையிலிருந்து இதையும் நீக்க வேண்டும். பிறகு கற்ற முகவரிகளை அழித்து, முகவரி கற்பதையும் நிறுத்த வேண்டும். அதன்பிறகே நிலை ஃபார்வர்டிங்காகலாம். சேரும்போது நேர்மாறு: நிலையை பிளாக்கிங்காக எழுதி முடித்த பிறகே அணியைத் திறக்க வேண்டும். கெர்னல் சரியான நிலையை உடனே அனுப்பத்தானே போகிறது, இடைவெளி எவ்வளவு இருந்துவிடும் என்று ஒரு சக பொறியாளர் கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். சிபியூ சிப்பின் ரெஜிஸ்டர்களை அணுகும் எம்டிஐஓ கம்பியில் ஒரு ரெஜிஸ்டரை எழுத 64 பிட் போக வேண்டும், 2.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அதற்கு 25.6 மைக்ரோ நொடி. அந்த நேரத்தில் கிகாபிட் போர்ட்டில் 38 சிறிய ஃபிரேம்கள் கடந்துவிடும். மற்றொரு ரெஜிஸ்டர் வழியாக அணுகும் மறைமுக ரெஜிஸ்டராக இருந்தால் ஒரு எழுத்துக்கே நாலைந்து பரிமாற்றங்கள். லூப்புக்கு ஒரு ஃபிரேம் போதும். நிலை ஃபார்வர்டிங்காக இருக்கும் அந்த இடுக்கில் நுழைந்தது, போர்ட் மூடப்படும் வரை சுற்றிக்கொண்டே பிரதிகளை இறைத்துக்கொண்டிருக்கும்.

கெர்னல் சொன்னதும் சிப் மாறிவிடும் என்ற நம்பிக்கையும் தவறானது. பிரிட்ஜ் தன் நிலையை ஒரு ஸ்பின்லாக்கை, அதாவது பிடித்திருக்கும் வரை தூங்கக்கூடாத பூட்டை, பிடித்துக்கொண்டே மாற்றுகிறது. எம்டிஐஓ எழுத்தோ தூங்கக்கூடிய வேலை. ஆகவே வன்பொருளுக்கான கட்டளை ஒத்திவைக்கப்பட்டு, பிறகு தனியாக ஓடுகிறது. அந்த இடைவெளியில் பிரிட்ஜின் கணக்கில் போர்ட் அடைபட்டிருக்கும், சிப்பில் திறந்திருக்கும். புயல் அடித்து சிபியூ பாக்கெட்டுகளைக் கையாள்வதிலேயே மூழ்கியிருக்கும்போது இந்த ஒத்திவைத்த வேலைக்கு முறை வர எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. போதாததற்கு, டிஎஸ்ஏயில் நிலையை மாற்றச் சொல்லி டிரைவரை அழைக்கும் ஃபங்ஷன் எந்த மதிப்பையும் திருப்பித் தருவதில்லை. எழுத்து தோற்றுப்போனால் பிரிட்ஜுக்குத் தெரிவிக்க வழியில்லை. டிரைவர்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

சிப்புக்கு மின்சாரம் வந்த கணத்திலிருந்து டிரைவர் எழும் வரையிலான நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தச் சிப்புகளில் பல, நிர்வாகம் இல்லாத எளிய சுவிட்சாகவும் விற்கப்படுபவை. ஆகவே அவற்றின் பிறவிக் குணம் எல்லாப் போர்ட்டுகளையும் திறந்து ஒன்றோடொன்று இணைத்துவைப்பது. பூட்லோடர் ஓடி, கெர்னல் ஏறி, டிரைவர் தன் முதல் ரெஜிஸ்டரை எழுதும் வரை சில நொடிகள் அந்தப் பலகை யாருக்கும் கட்டுப்படாத சுவிட்சாக இருக்கும். லூப் உள்ள இடத்தில் அது நிற்கிறதென்றால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் சில நொடிப் புயல் உறுதி. இதை டிரைவரில் முழுமையாகத் தீர்க்க முடியாது. பலகை வடிவமைப்பவரோடு உட்கார்ந்து, சிபியூ இணைந்த நிலையில் போர்ட்டுகள் மூடியபடி எழும்படி ஸ்ட்ராப் பின்களை (சிப் எழும்போது தன் தொடக்க அமைப்பைப் படித்துக்கொள்ளும் பின்களை) அமைக்க வேண்டும்; அல்லது ரீசெட் கம்பியை ஒரு ஜிபிஐஓவில் (மென்பொருள் கட்டுப்படுத்தும் பின்னில்) இணைத்து, டிரைவர் விடுவிக்கும் வரை சிப் ரீசெட்டிலேயே இருக்கும்படி செய்ய வேண்டும். டிரைவர் தன் பங்குக்கு, தொடங்கியதும் முதல் வேலையாக எல்லாப் போர்ட்டுகளையும் மூடி, அணியைச் சுத்தமாக்கி, பழைய முகவரிகளை அழித்துவிட வேண்டும். பூட்லோடர் என்ன வைத்துவிட்டுப் போனது என்று நம்பக்கூடாது. பலகை உறக்க நிலையிலிருந்து எழும்போதும் சிப்பை ரீசெட் செய்து மீளும்போதும் இதே கதைதான்.

மென்பொருள் பிரிட்ஜும் வன்பொருளும் ஒரே ஃபிரேமை இரண்டும் அனுப்பிவிடுவது இன்னொரு சிக்கல். முதல் போர்ட்டில் வந்த பிராட்காஸ்டைச் சிப்பே மற்ற போர்ட்டுகளுக்குப் பரப்பி, ஒரு பிரதியை சிபியூவுக்கும் தருகிறது. அது சிப்பால் ஏற்கெனவே பரப்பப்பட்டது என்ற குறியை டிரைவரின் டேக் பகுதி வைக்காவிட்டால், கெர்னல் பிரிட்ஜ் அதை மறுபடி எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பும். இது சுற்றிக்கொண்டே இருக்கும் லூப் அல்ல, இரட்டிப்பு மட்டுமே. எனினும் ஒரு சிப்புக்கு இரண்டு சிபியூ போர்ட்டுகள் இருந்து, ஒன்றில் வந்ததை மற்றொன்றுக்குப் பரப்ப அணி அனுமதித்தால், நாம் அனுப்பிய ஃபிரேம் நமக்கே திரும்பி வரும். அங்கே உண்மையான லூப்பே உருவாகலாம். ஸ்பானிங் ட்ரீக்கு சிபியூ போர்ட் என்ற ஒன்றே தெரியாது என்பதால் அதை அது ஒருபோதும் அடைக்காது. அணியில் சிபியூ போர்ட்டுகளுக்கு இடையேயான பிட்டுகளைப் பூஜ்யமாக வைப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது.

நிலை மாறியபின் முகவரி அட்டவணையை அழிப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கெர்னல் கேட்கும்போது அந்தப் போர்ட்டில் கற்ற முகவரிகளை அழிக்க வேண்டும், போர்ட்டை மூடிய பிறகு அழிக்க வேண்டும், முன்பு அழித்தால் மூடுவதற்குள் திரும்பக் கற்றுவிடும். விட்டுவிட்டால் இயல்பான காலாவதி 300 நொடி. அதுவரை போக்குவரத்து அடைபட்ட கதவை முட்டிக்கொண்டிருக்கும்.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது கெர்னல் செத்துப்போகும் சூழல். சிபியூ உறைந்துவிட்டாலும் சிப் நிற்பதில்லை. கடைசியாக எழுதிய நிலைகளை வைத்துக்கொண்டு ஃபிரேம்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். பிபிடியூ மட்டும் நம்மிடமிருந்து போகாது. நம்மைக் கேட்டுத் தன் போர்ட்டை அடைத்துவைத்திருந்த அண்டை சுவிட்ச் 20 நொடி பொறுக்கும், பிறகு 30 நொடியில் திறக்கும். ஐம்பதாவது நொடியில் லூப். எளிய சுவிட்சாக இருந்து பிபிடியூவைக் கண்டுகொள்ளாமல் பரப்பியிருந்தால்கூட, நமக்கு அப்பால் உள்ள பிரிட்ஜுகள் ஒன்றின் குரலை ஒன்று கேட்டு லூப்பை உணர்ந்திருக்கும். ஆனால் பிபிடியூவைப் பிடித்து சிபியூவுக்குத் தரும்படி நாமே சிப்பைப் பணித்திருக்கிறோம். அது கடமை தவறாமல் பிடித்து, செத்துப்போன சிபியூவிடம் கொடுத்துக்கொண்டிருக்கும். தரவு கடக்கும், எச்சரிக்கை மட்டும் கடக்காது. இதற்கு நான் அறிந்த நேரான வழி, சிபியூவைக் கண்காணிக்கும் வாட்ச்டாகின் ரீசெட் கம்பி சுவிட்ச் சிப்பையும் சேர்த்து ரீசெட் செய்வது. அதன் நேரம் ஐம்பது நொடிக்கு வெகுவாகக் குறைவாக இருப்பது. சிப் எழும்போது மூடியபடி எழுவது. மூன்றும் சேர்ந்தால்தான் பயன்.

சிப்புகளில் பிராட்காஸ்ட் அளவைக் கட்டுப்படுத்தும் வசதி உண்டு. அதை வைத்தால் போதாதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வைக்கலாம், நானும் வைக்கிறேன். அது சிபியூவை உயிரோடு வைத்திருக்கும், பிபிடியூவுக்கு வழிவிடும். ஆனால் லூப் அப்படியே இருக்கும், முகவரிகளும் தாவிக்கொண்டே இருக்கும். அந்த அளவு எட்டப்படும்போது லாகில் எழுதாத டிரைவர் என்றால், புயல் ஓசையில்லாமல் மாதக்கணக்கில் ஓடும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் சோதனை முறை மாறிவிட்டது. அமைதியான மேசையில் லூப் சோதனை செய்வதில்லை. கேபிளைச் செருகுவதற்கு முன்பே மூன்றாம் போர்ட்டிலிருந்து நொடிக்கு நூறு பிராட்காஸ்ட் வீதம் அனுப்பத் தொடங்கிவிடுகிறேன். முதல் முப்பது நொடியில் ஒவ்வொரு போர்ட்டிலும் வெளியேறிய ஃபிரேம் எண்ணிக்கையைச் சிப்பிலிருந்தே படித்து, பிபிடியூ உண்மையில் கம்பியில் ஏறியதா என்று பார்க்கிறேன். மென்பொருளில் பிடித்துப் பார்த்ததைச் சான்றாகக் கொள்வதில்லை. சேர்ப்பதையும் விலக்குவதையும் அந்தப் போக்குவரத்து ஓடும்போதே ஆயிரம் முறை செய்யும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் இரவெல்லாம் ஓடுகிறது. ஒரு சோதனையில் கெர்னலை வேண்டுமென்றே உறையவைத்து, அண்டை சுவிட்சின் அடைபட்ட போர்ட்டை ஐம்பது நொடிக்கு மேல் கவனிக்கிறேன்.

நிலையை எழுதும் ஃபங்ஷனில், எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வரி ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். பொருந்தாவிட்டால் மறுமுறை முயலும்; அதுவும் தோற்றால் அந்தப் போர்ட்டின் பிஹெச்ஒய் பகுதியில் (கேபிளோடு நேரடியாகப் பேசும் பகுதியில்) 0-ஆம் ரெஜிஸ்டரின் 11-ஆம் பிட்டை வைத்து இணைப்பையே அணைத்துவிடும். எம்டிஐஓ கம்பியே செயலிழந்து அதுவும் முடியாமல் போனால், ஜிபிஐஓ வழியாகச் சிப் முழுவதையும் ரீசெட்டில் பிடித்துவைத்துவிட்டு லாகில் ஒரு வரி எழுதும். ஒரு போர்ட்டின் பிழைக்காக எல்லாப் போர்ட்டுகளையும் சாகடிப்பது சரியா என்று மதிப்பாய்வில் கேட்டார்கள். கட்டுப்பாட்டுக்கு வராத சிப் எந்தப் போர்ட்டைத் திறந்துவைத்திருக்கிறது என்பதை அறிய நமக்கு வழியில்லை என்று பதில் எழுதினேன். அந்த வரிகள் டிரைவரில் இன்னும் இருக்கின்றன.